கம்பெனி போன பிறகும் ஊர்



சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "தம்பி, நீங்க எந்த ஊரு?" என்று கேட்கிறார். நீங்கள் இப்போது குடியிருப்பது ஏதோ ஒரு தாமானில். ஆனாலும் வாயில் முதலில் வருவது பழைய தோட்டத்தின் பெயர்தான். பெரியவர் அதோடு விடமாட்டார். "எந்த டிவிசன்? மேல் லயமா, கீழ் லயமா? தாத்தா பேரு என்ன?" என்று அடுக்குவார். ஐந்து நிமிடத்தில் இருவரும் உறவாகிவிடுவீர்கள். அந்தத் தோட்டத்தில் இன்று பால்மரம் இல்லை, லயம் இல்லை, பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஊர் போய்விட்டது. ஊரின் பெயர் மட்டும் மனிதரிடம் தங்கிவிட்டது.

கோத்தா கோலா மூடாவிலிருந்து பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் வரை இப்படிப் பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்கள் அறிந்த ஒரு கேள்வியைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கம்பெனி ஓர் ஊரை உண்டாக்குகிறது. ஒரு நாள் கம்பெனி போய்விடுகிறது. அப்போது எது அதோடு போகும்? எது தங்கும்?

நம் தோட்டத்தை வைத்தே இதைப் பேசலாம். ஆனால் கண்ணோடு ஒட்டிப் பிடித்த எழுத்தைப் படிக்க முடியாது அல்லவா? கொஞ்சம் தள்ளிப் பிடித்தால்தான் தெரியும். அதனால் நம்மைப் போலவே கம்பெனி வீட்டில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர்களின் ஊரை முதலில் பார்ப்போம். பிறகு நம் வாசலுக்குத் திரும்புவோம்.

கம்பெனி ஊர் என்பது என்ன?

சாதாரண ஊரில் பல தொழில் நடக்கும். உழுகிறவர், நெய்கிறவர், கடை வைத்திருப்பவர், வண்டி ஓட்டுகிறவர் என்று பலர் இருப்பார்கள். ஒரு தொழில் நொடித்தாலும் இன்னொன்று தாங்கும். கம்பெனி ஊர் அப்படிப்பட்டதல்ல. அங்கே வேலை கொடுப்பவரும் ஒருவர், வீட்டுக்காரரும் அவரே. தண்ணீர், விளக்கு, மருந்து, பள்ளிக்கூடம், பந்து விளையாடும் திடல் எல்லாம் அவர் கையில்தான். ஒரு வகையில் இது வசதி. வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஆனால் அந்த வசதிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வேலை உள்ளவரைதான் வீடு. வேலை போனால் கூரையும் போகும்.

நம் நாட்டிலேயே இப்படி ஒரு சுரங்க ஊர் இருந்தது. சிலாங்கூரில் உள்ள பத்து ஆராங். பெயரே நிலக்கரி என்றுதான் பொருள்படும். மலாயன் கோலியரீஸ் என்ற கம்பெனி 1915-இல் அங்கே நிலக்கரி வெட்டத் தொடங்கியது. ரயில் வண்டியும், கோலாலம்பூருக்கு விளக்கேற்றிய பங்சார் மின்நிலையமும் அந்தக் கரியில்தான் ஓடின. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அங்கே வேலை செய்தார்கள். ரயிலுக்கு எண்ணெய் வந்தது. கரிக்கு மதிப்புக் குறைந்தது. 1960-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இன்று அங்கே போனால் பழைய செங்கல் சூளையின் புகைபோக்கிகள் நிற்பதைக் காணலாம்.

பத்து ஆராங்கில் தமிழர் ஒரு பகுதியினர்தாம். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரால் நிறைந்த ஒரு சுரங்க ஊர் இந்தியாவில் இருக்கிறது. அதன் பெயர் கோலார் தங்கவயல். நம் கேள்விக்கு விடை தேட அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

தங்கவயல் உண்டான கதை

தங்கவயல் இன்றைய கர்நாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தமிழ்நாட்டு எல்லையும் ஆந்திர எல்லையும் பக்கத்தில்தான். அந்த மண்ணில் பொன் கிடைக்கும் என்பது பழங்காலத்திலேயே தெரிந்த செய்தி. ஊர்மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுத்து வந்தார்கள். 1870-களில் லாவெல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கித் தோண்டிப் பார்த்தார். ஒரு மனிதரால் ஆகிற காரியமாக அது இல்லை. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதன் பிறகுதான் சுரங்கம் சுரங்கமானது. சாம்பியன் ரீஃப், மைசூர், ஊர்காம், நந்திதுர்க்கம் என்று பெரிய சுரங்கங்கள் வரிசையாகத் திறந்தன.

வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தது. அவர்களில் மிகப் பலர் ஊரில் ஒரு துண்டு நிலமும் இல்லாத, தீண்டாமைக் கொடுமையில் கிடந்த மக்கள். ஒப்பந்தக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். நமக்குக் கங்காணி எப்படியோ அவர்களுக்கு ஒப்பந்தக்காரர் அப்படி. இதிலே ஒன்றைக் கவனியுங்கள். அதே வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும்தான் நம் முன்னோரில் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். ஒருவர் ரயிலேறித் தங்கவயல் போனார். இன்னொருவர் நாகப்பட்டினம் போய்ப் பினாங்குக் கப்பலைப் பிடித்தார். ஒரே பஞ்சமும் ஒரே இழிவும்தான் இருவரையும் விரட்டின.

1902-ஆம் ஆண்டில் தங்கவயலில் ஒரு பெரிய அதிசயம் நடந்தது. காவிரியில் உள்ள சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் மின்சாரம் கடந்து வருவது அந்தக் காலத்து உலகத்திலேயே அபூர்வம். பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததே 1905-இல்தான். ஆனால் அந்த மின்சாரம் யாருக்காக வந்தது? பாறை உடைக்கும் எந்திரத்துக்காகவும், ஆழத்திலிருந்து தண்ணீரை இறைக்கும் பம்புக்காகவும் வந்தது. துரைமார் பங்களாவிலும் கிளப்பிலும் விளக்கு எரிந்தது. வெள்ளைக்காரர்கள் அந்த ஊரைச் சின்ன இங்கிலாந்து என்று அழைத்தார்கள். தொழிலாளி குடியிருந்ததோ மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசை. பிறகு கட்டிய வரிசை வீடுகளும் நம் லயத்தைப் போலச் சிறியவைதாம். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் அடங்க வேண்டும்.

ஆழத்துக்குள்ளே

சுரங்க வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பின்னால் வரும் செய்தி விளங்கும்.

தங்கவயலில் பொன் தனியாகக் கிடப்பதில்லை. வெள்ளைக் கற்பாறைக்குள் தூள் தூளாகக் கலந்து கிடக்கும். அந்தப் பாறையின் பட்டை பூமிக்குள் சாய்வாக இறங்கிக்கொண்டே போகிறது. தொழிலாளியும் அதன் பின்னாலே இறங்கினார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் முடிவில் 3 கிலோமீட்டரைத் தாண்டிய ஆழத்துக்குப் போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. கெடாவில் நாம் அண்ணாந்து பார்க்கிற குனோங் ஜெராய் மலையின் உயரம் 1,200 மீட்டருக்குச் சற்று அதிகம். அதுபோல் இரண்டு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகீழாகப் புதைத்தாலும் அந்த ஆழம் நிரம்பாது.

அவ்வளவு ஆழத்தில் பாறை சுடும். அடிமட்டத்துப் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. மேலிருந்து குளிர்காற்றை ஊதி அனுப்பித்தான் மனிதன் நிற்க முடிந்தது. மேலே அழுத்துகிற பாறையின் பாரம் தாங்காமல் சில வேளைகளில் சுவர்ப்பாறை குண்டுபோல வெடிக்கும். அந்த அதிர்ச்சி மேலே உள்ள வீடுகளையும் ஆட்டும். அப்படி நிலம் அதிர்கிற நேரத்தில், கீழே போன தன் வீட்டு ஆளை நினைத்து ஒரு பெண்ணின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெடிப்பாவது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. தெரியாத ஆபத்து ஒன்று இருந்தது. அதுதான் தூசி. பாறையைத் துளைக்கும்போது மாவைப்போல மெல்லிய கல்தூசி பறக்கும். அதை மூச்சோடு இழுத்தால் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். நெஞ்சுப்பை கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி இறுகும். முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நடந்தாலே வாங்கும். கடைசியில் படுத்திருக்கும்போதும் வாங்கும். காசநோயும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். ஏற்பட்ட தழும்பை நீக்க மருந்து இல்லை. இதில் மிகக் கொடுமை என்னவென்றால், தூசி உள்ளே போவது 20 வயதில். நோய் தலைகாட்டுவதோ பல ஆண்டுகள் கழித்து. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது வளரும்.

1940-களில் தங்கவயல் தொழிலாளர்களின் நெஞ்சைப் படம் பிடித்துச் சோதித்தார்கள். சோதிக்கப்பட்டவர் 7,653 பேர். அவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. இந்தியாவில் இந்த நோயின் அளவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த முதல் பெரிய ஆய்வு அதுதான்.

மக்கள் தாமே கட்டியவை

இவ்வளவு துன்பத்துக்கு நடுவிலும் அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனி கொடுத்த ஊருக்குள்ளே தங்களுக்கென்று இன்னோர் ஊரைக் கட்டினார்கள்.

அயோத்திதாச பண்டிதர் என்ற பெயரை நேயர்களில் பலர் கேட்டிருப்பீர்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் விடுதலைக்காகச் சென்னையிலிருந்து தமிழன் என்ற வார இதழை நடத்தியவர். அவர் தொடங்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயல் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. பகலில் பாறை வெட்டிய தொழிலாளர்கள் இரவில் கூடிப் படித்தார்கள், சந்தா கட்டினார்கள், நூல்கள் அச்சிட உதவினார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்தார். சில ஆண்டுகளில் இதழும் நின்றது. 1926-இல் அப்பாதுரையார் அதே தமிழன் இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். யோசித்துப் பாருங்கள். ஊரில் பள்ளிக்கூடத்து வாசலில் ஏறவிடாமல் விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள், சுரங்க வாயிலில் பத்திரிகை நடத்தினார்கள்.

1930-இல் இன்னொன்று நடந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் எடுத்துப் பதிவு செய்யவேண்டும் என்று நிர்வாகம் முயன்றது. குற்றவாளியிடம் எடுப்பதைப்போல எங்களிடம் ரேகை எடுப்பதா என்று மக்கள் கொதித்தார்கள். அப்போது அங்கே பதிவுபெற்ற தொழிற்சங்கம் எதுவும் இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். வேலைநிறுத்தம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. இதிலே கூலி உயர்வு மட்டுமா கேள்வி? மானம்தான் முதல் கேள்வி.

சுரங்கம் மூடிய நாள்

நாடு விடுதலை பெற்ற பின் 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்று பெயர் பெற்றன. துரை போனார், அரசாங்கம் முதலாளி ஆனது. ஆனால் பாறைக்குள் இருந்த கணக்கு மாறவில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு தொன் பாறையை உடைத்தால் 40 கிராமுக்குமேல் பொன் கிடைத்தது. கடைசிக் காலத்தில் அது 3, 4 கிராமாகச் சுருங்கிவிட்டது. ஆழமோ கூடிக்கொண்டே போனது. எடுக்கும் பொன்னின் விலையைவிட எடுக்கும் செலவு கூடினால் எந்தச் சுரங்கமும் நிற்காது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் அங்கிருந்து எடுத்த பொன் சுமார் 800 தொன்.

800 தொன் பொன் எங்கெங்கோ போய்விட்டது. அந்த ஊரில் தங்கியது என்ன? இப்போது நம் கேள்விக்கு வருகிறோம்.

முதலில் வீடு. மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருந்த வீடு அது. பாட்டன் சுவர் எழுப்பினார். அப்பா முன்பக்கம் தாழ்வாரம் இறக்கினார். பேரன் அங்கே பிறந்தான். ஆனாலும் பத்திரத்தில் வீடு நிறுவனத்தின் பெயரில். சுரங்கம் மூடிய பிறகு, வீட்டை எங்கள் பெயருக்கு எழுதிக்கொடுங்கள் என்று கேட்டு மக்கள் மனுவும் வழக்குமாகப் பல ஆண்டுகள் அலைய வேண்டியதாயிற்று. கம்பெனி எல்லைக்கு வெளியே ராபர்ட்சன்பேட்டை போன்ற இடத்தில் சிறு மனையாவது வாங்கிப் போட்டவருக்கு அந்த அலைச்சல் இல்லை.

இரண்டாவது மண்மேடு. பாறையை அரைத்து, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்து எடுத்தபின் மிஞ்சிய தூளை ஊருக்குள்ளேயே கொட்டி வைத்தார்கள். அது மலைமலையாகக் குவிந்தது. ஏறத்தாழ 3 கோடி தொன்னுக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். புல்லும் சரியாக முளைக்காத அந்த மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் தூசி கிளம்பி வீட்டுக்குள் வருகிறது. சோற்றுப் பானையை மூடி வைக்க வேண்டும். பொன்னை எடுத்தவர் தூசியை விட்டுப் போனார்.

மூன்றாவது நெஞ்சுக்குள் இருக்கும் தூசி. அதைப்பற்றி முன்பே சொன்னேன். கம்பெனிக்கணக்கு முடிந்தாலும் அந்தக் கணக்கு முடிவதில்லை.

நான்காவது பிழைப்பு. தங்கவயலில் வேலை இல்லை. அதனால் விடியுமுன்னே மாரிக்குப்பம் நிலையத்தில் கூட்டம் சேருகிறது. ரயிலேறிப் பெங்களூர் போய், கட்டடத்திலும் கடையிலும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். போகவர நான்கு ஐந்து மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. பிள்ளை கண்விழிக்கும் முன்னே அப்பா புறப்பட்டுவிடுவார். பிள்ளை தூங்கிய பிறகுதான் வருவார்.

இவ்வளவும் இழப்புக் கணக்கு. வரவுக் கணக்கும் உண்டு. தங்கவயல் பிள்ளைகளில் ஏராளமானோர் படித்தார்கள். பொறியாளராகவும் ஆசிரியராகவும் தாதியராகவும் வெளியூர் போனார்கள். அங்கே தொடங்கிய பாரத் மண்வாரி எந்திரத் தொழிற்சாலை, எந்திரம் தெரிந்த கைகளுக்கு வேலை கொடுத்தது. 1965-இல் சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் அறிவியலாளர்கள் கருவிகளை வைத்து, வானத்திலிருந்து வந்து பூமியையே துளைத்துப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைக் கண்டார்கள். உலகில் அது முதல் கண்டுபிடிப்புகளில் ஒன்று. அதற்கு வேண்டிய ஆழத்தைத் தங்கள் கையால் வெட்டிக் கொடுத்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவுப் பள்ளியும் பத்திரிகையும் சங்கமும் கொடுத்த பழக்கம் தங்கியது. கூடிப் பேசுவது, கணக்குக் கேட்பது, தலை நிமிர்ந்து நிற்பது என்பதே அந்தப் பழக்கம்.

இரண்டு கணக்கையும் அருகருகே வைத்தால் ஒன்று புரியும். கம்பெனி கொடுத்தது கம்பெனியோடு போயிற்று. அது விட்டுச்சென்ற கெடுதல் மட்டும் தங்கியது. மக்கள் தாமே சேர்த்து, தங்கள் பெயரில் வைத்துக்கொண்டதுதான் நன்மையாக நின்றது.

நம் வாசலுக்குத் திரும்புவோம்

இப்போது கெடாவுக்கு வருவோம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல் நம் வீடுகளில் அழுகையோடு பேசப்பட்ட சொல். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு நகரம் நெருங்க நெருங்க, தோட்டநிலம் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. ஒவ்வொரு முறையும் லயத்துக் குடும்பத்துக்குக் கிடைத்தது ஓர் அறிவிப்புக் கடிதம்.

அந்த நேரத்தில் நம்மவர் சும்மா இருந்தார்களா? இல்லை. 1960-இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்குவோம் என்று சொன்னார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. அது முதன்முதலில் வாங்கிய தோட்டம் எங்கே இருந்தது தெரியுமா? நம் கெடாவில்தான். புக்கிட் சீடிம் தோட்டம், 1961-இல். பால்வெட்டுகிற கைகள் சேர்த்த காசில், பால்வெட்டுகிற நிலம் வாங்கப்பட்டது. தங்கவயல் மக்கள் பத்திரிகைக்குச் சேர்த்த சந்தாவும் புக்கிட் சீடிமுக்குச் சேர்ந்த பத்து வெள்ளியும் ஒரே எண்ணத்தில் விளைந்தவை.

ஆனால் தோட்டம் முழுவதையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. அதனால் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

வீட்டைப்பற்றி முதலில். தோட்ட வீட்டுக்குத் தண்ணீரும் விளக்கும் ஒழுங்கான கூரையும் இருக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டம் கூறுகிறது. அது நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீட்டை அது உங்களுக்குச் சொந்தமாக்கவில்லை. 40 ஆண்டு குடியிருந்தோம் என்பதாலேயே வீடு நமதாகிவிடாது. கிராண்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதே நிலம். ஆகவே தோட்டம் கைமாறப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்த அன்றே சங்கத்தைக் கூட்டுங்கள். மாற்று வீடு தருகிறோம் என்று யாராவது வாயால் சொன்னால், எழுத்தில் கேளுங்கள். எந்த இடம், எத்தனை அடி, யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்பவை அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பள்ளியும் கோயிலும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பல இன்றும் கம்பெனி நிலத்தில்தான் நிற்கின்றன. கோயிலும் அப்படியே. கோபுரத்துக்கு வண்ணம் பூசுவதற்கு முன்னால், அது நிற்கிற நிலம் யாருடையது என்று நிர்வாகக் குழு கேட்க வேண்டும். தோட்டம் நன்றாக நடக்கும்போது கேட்டால் பேச்சு சுலபம். விற்றபிறகு கேட்டால் வாங்கியவரின் வாசலில் நிற்க வேண்டும்.

மூன்றாவது உடம்பு. சுரங்கத்தில் கல்தூசி என்றால் தோட்டத்தில் மருந்து. புல்லுக்கு மருந்தடித்த பெண்கள் பல்லாண்டு பராகுவாட் என்ற நஞ்சைத் தோளில் சுமந்தார்கள். 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் நம் நாட்டில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. தடை வந்ததால் பழைய பாதிப்பு மறைந்துவிடாது. மூச்சுத் திணறல், தோல் அரிப்பு, நகம் உதிர்தல், கண் எரிச்சல் என்று மருத்துவரிடம் போகும்போது, இத்தனை ஆண்டு மருந்தடித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சொக்சோவில் விபத்துக்கு மட்டுமல்ல, தொழில் நோய்க்கும் ஈடு கேட்கலாம். எழுத்து இல்லாத நோய்க்கு ஈடு கேட்பது கடினம்.

நான்காவது காகிதம். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கு, சொக்சோ எண், பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டம் கடுமையானபோது, குடியுரிமைக் காகிதம் இல்லாமையால் எத்தனை குடும்பங்கள் வேலை இழந்து பிரிந்தன என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தோட்டத்து ஆபீசு மூடிய பிறகு பழைய பேரேட்டைத் தேடுவது கடலில் போட்ட ஊசியைத் தேடுவது போன்றது.

ஐந்தாவது நினைவு. இதற்குக் காசு வேண்டாம். வீட்டில் எழுபது எண்பது வயதான தாத்தாவோ ஆயாவோ இருந்தால், பேரப்பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காரட்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தக் கப்பலில், எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில், பக்கத்து வீட்டில் யார், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்தவர் யார், சம்பளம் எத்தனை, எந்த வருடம் பால்மரம் வெட்டினார்கள் என்று கேட்டு எழுதட்டும். அரசாங்க வரலாற்றில் நம் லயம் இடம்பெற நாளாகும். நம் நோட்டில் இன்றிரவே இடம்பெறலாம்.

நேயர்களே, கல்யாணப் பந்தியில் கேட்ட அந்தப் பெரியவரை மறக்கவேண்டாம். "எந்த ஊரு?" என்று அவர் கேட்டபோது உங்கள் வாயில் வந்தது கம்பெனியின் பெயர் அல்ல. அங்கே வாழ்ந்த மனிதர்களின் பெயர்தான். தங்கவயலில் சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் ஆகியும், பெங்களூர் ரயிலில் இரண்டு பேர் அறிமுகமானால் எந்தச் சுரங்கம், எந்த வரிசை என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். ஊரை உண்டாக்கியது கம்பெனி என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கம்பெனி வீடுகளை மட்டுமே கட்டியது. அதை ஊராக்கியவர்கள் நம் தாத்தாவும் பாட்டியும். அவர்கள் கட்டியது கைமாறாமல் நம்மிடம் இருக்க வேண்டுமானால், அந்தத் தகரப் பெட்டியையும் நோட்டுப் புத்தகத்தையும் நாம் இன்றே திறக்க வேண்டும்.